படைத் தோட்டாவும் வணிகத் தோட்டாவும்: மறுநிரப்பலின் வழியே ஒரு வரலாறு

ரைபிள் தோட்டா நான்கு உறுப்புகளால் ஆனது. முன்னே பாயும் குண்டு, அதை உந்தித் தள்ளும் மருந்து, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் என்ற சிறு மூடி, இம்மூன்றையும் ஒன்றாகப் பிடித்துவைக்கும் பித்தளைக் கூடு. சுட்ட கணத்திலேயே குண்டும் மருந்தும் பிரைமரும் செலவாகிவிடுகின்றன. கூடு மட்டும் மிஞ்சுகிறது. அந்த வெற்றுக் கூட்டைப் பொறுக்கியெடுத்து, புதிய பிரைமரும் மருந்தும் குண்டும் வைத்து மீண்டும் தோட்டாவாக்குவதே மறுநிரப்பல் எனப்படுகிறது. உலோகத் தோட்டா தோன்றிய காலத்திலிருந்தே இவ்வழக்கம் இருந்துவருகிறது.

படைகளுக்காகச் செய்யப்படும் தோட்டாவும், வேட்டைக்கும் குறிசுடும் போட்டிக்கும் கடையில் விற்கப்படும் வணிகத் தோட்டாவும் பல வேளைகளில் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். சுடும்போதும் பெரிய வேற்றுமை தெரிவதில்லை. கூட்டை மீண்டும் நிரப்ப முற்படும்போதுதான் இரண்டும் வெவ்வேறு நோக்கங்களுக்காகப் பிறந்தவை என்பது விளங்கும். படைத் தோட்டா ஒருமுறை தவறாமல் வெடித்தால் போதும். அதன் கூடு போர்க்களத்தில் விழுந்து கிடக்கும். வணிகத் தோட்டாவை வாங்குபவருக்கோ கூடு ஒரு முதலீடு. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே மற்ற வேறுபாடுகள் பலவும் கிளைத்தன. அவை துப்பாக்கி வைத்திருப்போரின் கவலையாக மட்டும் நிற்கவில்லை. பிரித்தானிய இந்தியாவில் அவை ஆட்சியாளரின் கவலையாகவும் மாறின.

காகிதத்திலிருந்து பித்தளைக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை படைவீரர்கள் காகிதத் தோட்டாக்களையே பயன்படுத்தினர். காகிதச் சுருளுக்குள் மருந்தும் குண்டும் இருக்கும். வீரர் அதன் நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலுக்குள் கொட்டி, குண்டைக் கம்பியால் இடித்து இறக்குவார். 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு ரைபிளுக்கான தோட்டாவின் காகிதத்தில் பூசிய கொழுப்புப் பற்றிய செய்தி 1857இல் டம்டம்மிலிருந்து பரவி, பெரும் எழுச்சிக்கு உடனடிக் காரணமானதை வரலாறு படித்தவர்கள் அறிவர். அந்தத் தோட்டாவில் சுட்டபின் மிஞ்சும் பொருள் எதுவும் இல்லை. எனவே மறுநிரப்பல் என்ற பேச்சுக்கும் அப்போது இடமில்லை.

1866இல் பிரித்தானியப் படை, பழைய என்ஃபீல்டு ரைபிளின் பின்புறத்தைத் திருத்தி, பின்பக்கத்திலிருந்து தோட்டா இடும் ஸ்னைடர் ரைபிளாக மாற்றியது. அதற்கெனச் செய்யப்பட்ட தோட்டாவின் கூடு மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்யப்பட்டது. அடுத்து 1871இல் வந்த மார்ட்டினி-ஹென்றி ரைபிளுக்கும் இத்தகைய சுருட்டுக்கூடே வழங்கப்பட்டது. 1885ஆம் ஆண்டுச் சூடான் போரில் வெப்பமும் மணலும் சேர்ந்து, இந்த மெல்லிய கூடுகள் துப்பாக்கியில் சிக்கிக்கொண்டு வீரர்களைத் தவிக்கவிட்டன. அதன் பிறகு ஒரே பித்தளைத் துண்டை அழுத்தி இழுத்துச் செய்யப்படும் உறுதியான கூடு பரவலானது. சுட்டபின் சிதையாமல் வெளியே வரும் இந்தக் கூடே மறுநிரப்பலுக்கு அடித்தளம்.

இரு அதிகாரிகள், இரு பிரைமர்கள்

மறுநிரப்ப இயலுமா, இயலாதா என்பதைத் தீர்மானிக்கும் முதல் கூறு பிரைமர். தட்டூசி வந்து அடிக்கும்போது பிரைமரில் உள்ள வெடிகலவை ஒரு சிறு பட்டறைமுனைமீது நசுங்கித் தீப்பொறியை உண்டாக்குகிறது. அந்தப் பட்டறைமுனை எங்கே இருக்கிறது என்பதில்தான் இரு வழிகள் பிரிந்தன.

ஸ்னைடர் தோட்டாவை வடிவமைத்த எட்வர்டு பாக்சர், லண்டனை அடுத்த வூல்விச்சில் இருந்த அரசு வெடிமருந்துக்கூடத்தின் கண்காணிப்பாளர். அவருடைய முறையில் பட்டறைமுனை பிரைமருக்குள்ளேயே அமைந்திருக்கும். கூட்டின் அடியில் நடுவே ஒரே துளை. ஒரு மெல்லிய கம்பியைக் கூட்டின் வாய் வழியாக விட்டுத் தள்ளினால் பழைய பிரைமர் வெளியே விழுந்துவிடும்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் குறிசுடுநர் படைப்பிரிவை நடத்திய ஹைரம் பெர்டன் அதே 1866இல் வேறொரு முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதில் பட்டறைமுனை கூட்டின் அடிப்பகுதியிலேயே ஒரு மேடாக அமைந்திருக்கும். அதன் பக்கங்களில் இரண்டு சிறு துளைகள் இருக்கும். நடுவில் துளை இல்லாததால் கம்பியால் பிரைமரைத் தள்ளி எடுக்க முடியாது. பிரைமர் எளிமையானது, மலிவானது. பெருந்தொகையாகச் செய்ய ஏற்றது. மறுநிரப்புவோருக்கோ பெருந்தொல்லை.

பிற்கால வரலாறு இவ்விருவரையும் இடம் மாற்றி வைத்தது. ஆங்கிலேயரின் பாக்சர் முறை அமெரிக்க வணிகத் தோட்டாக்களில் நிலைபெற்றது. அமெரிக்கரின் பெர்டன் முறையை ஐரோப்பியப் படைகள் ஏற்றுக்கொண்டன. பிரித்தானியப் படையின் .303 தோட்டாவும் பெரும்பாலும் பெர்டன் பிரைமருடனேயே செய்யப்பட்டது. அதே தோட்டா கனடாவில் செய்யப்பட்டபோது பாக்சர் பிரைமர் பெற்றதும் உண்டு. அமெரிக்காவில் மறுநிரப்பல் வீட்டுக்கு வீடு தெரிந்த பொழுதுபோக்காக வளர்ந்ததற்கும், ஐரோப்பாவின் படைக்கூடுகள் பழைய பித்தளை விலைக்குப் போனதற்கும் இந்தப் பிரிவு ஒரு முக்கியக் காரணம்.

படைகளே மறுநிரப்பிய காலம்

படைத் தோட்டா எப்போதுமே ஒருமுறைப் பொருளாக இருந்ததில்லை. 1873இல் அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட .45-70 தோட்டாவின் தொடக்ககாலக் கூடு செம்பால் ஆனது. பிரைமர் உள்ளே மறைந்திருந்ததால் அதை மீண்டும் நிரப்ப முடியவில்லை. வீரர்களுக்குக் குறிசுடும் பயிற்சியை அதிகரிக்க வேண்டிய தேவை எழுந்தபோது தோட்டாச் செலவு பெரிதாகத் தெரிந்தது. ஆகவே 1880களின் தொடக்கத்தில் பிலடெல்பியாவின் பிராங்போர்டு படைக்கலச்சாலை, வெளியிலிருந்து பிரைமர் மாற்றத்தக்க கூடுகளைச் செய்தது. படைமுகாம்களுக்கு மறுநிரப்பும் கருவிகளும் வழங்கப்பட்டன. அதே காலத்தில் மேற்குச் சமவெளிகளில் காட்டெருமை வேட்டையாடியவர்களும் கடைத் தோட்டாவின் விலைக்கு அஞ்சி, மாலையில் தீமூட்டி ஈயம் உருக்கிக் குண்டு வார்த்துத் தம் கூடுகளைத் தாமே நிரப்பிக்கொண்டனர்.

இரண்டு மாற்றங்கள் இந்நிலையை முடிவுக்குக் கொண்டுவந்தன. ஒன்று, புகையில்லா மருந்தின் வருகை. கருமருந்தைவிட அது பன்மடங்கு அழுத்தம் தரவல்லது. அளவில் சிறு பிழை நேர்ந்தாலும் துப்பாக்கி சிதறும். மற்றொன்று, இயந்திரத் துப்பாக்கி. நிமிடத்திற்கு நூற்றுக்கணக்கில் தோட்டா விழுங்கும் கருவிக்கு முன் கூடு பொறுக்கி நிரப்புவது பொருளற்றதாயிற்று. முதல் உலகப் போரின்போது படைத் தோட்டா முழுக்க முழுக்கத் தொழிற்சாலைப் பண்டமாகிவிட்டது.

ஒருமுறைக்காகச் செய்தவை

இயந்திரத் துப்பாக்கிக்கும் தானியங்கி ரைபிளுக்கும் ஏற்பப் படைத் தோட்டா பெற்ற மாற்றங்கள் ஒவ்வொன்றும் மறுநிரப்புவோருக்குத் தடையாக அமைந்தன.

பிரைமரைச் சுற்றியுள்ள பித்தளை விளிம்பு உட்புறமாக நெரித்து விடப்படும். வேகமாக இயங்கும் துப்பாக்கிக்குள் பிரைமர் கழன்று விழுந்தால் இயக்கமே நின்றுவிடும் என்பதே காரணம். மறுநிரப்புவோர் அந்த நெரிப்பை நீக்கினாலன்றிப் புதிய பிரைமர் பொருந்தாது. மழையும் சேறும் புகாதபடி பிரைமரைச் சுற்றி அரக்கு பூசப்படும். குண்டின் கழுத்திலும் கருநிறப் பூச்சு இருக்கும். பல தானியங்கி ரைபிள்களில் தட்டூசி தளர்வாக ஆடும். அது தானே தட்டி வெடித்துவிடாதபடி படைப் பிரைமரின் மூடி கடினமாகச் செய்யப்படுகிறது.

படைத் துப்பாக்கியின் தோட்டா அறை, அழுக்கேறிய தோட்டாவும் நுழையும்படிச் சற்றுத் தாராளமாகக் குடையப்பட்டிருக்கும். அங்கு வெடித்த கூடு அந்த அளவுக்கு விரிந்து நீண்டுவிடுகிறது. இயந்திரத் துப்பாக்கியில் சுடப்பட்ட கூடுகள் இன்னும் மோசம். வேட்டை ரைபிளின் இறுக்கமான அறைக்கு அவற்றை மீண்டும் சுருக்கிக் கொண்டுவருவது எளிதன்று. நீண்டு மெலிந்த இடத்தில் கூடு பிளந்தால், கொதிக்கும் வாயு சுடுபவரின் முகத்தை நோக்கிப் பாயும்.

குண்டிலும் வேறுபாடு உண்டு. 1890களில் கல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கலச்சாலையின் கண்காணிப்பாளர் பெர்ட்டி-கிளே, முனையில் ஈயம் வெளித்தெரியும்படி ஒரு .303 குண்டை வடிவமைத்தார். உடலில் பட்டதும் விரியும் அக்குண்டு அவ்வூரின் பெயராலேயே உலகெங்கும் அறியப்பட்டது. 1899ஆம் ஆண்டு ஹேக் பிரகடனம் விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்துவதை விலக்கியது. அது முதல் படைக் குண்டு முழு உலோக உறை பூண்டது. வேட்டைக் குண்டோ இன்றும் விரியும் வகையே. காயத்துடன் தப்பியோடி விலங்கு வதைபடக் கூடாது என்பதால் பல நாட்டு வேட்டைச் சட்டங்கள் அதையே வேண்டுகின்றன. போர்க்களத்தில் கொடுமை என்று விலக்கப்பட்டது காட்டில் கருணை என்று கருதப்படுகிறது.

உப்பும் பாதரசமும்

பிரைமரின் வேதியியலும் இரு தோட்டாக்களையும் பிரித்தது. பழைய பிரைமர்களில் பாதரசச் சேர்மம் இருந்தது. கருமருந்துக் காலத்தில் குழலில் படியும் மிகுந்த கரியோடு பாதரசமும் கலந்து போய்விட்டது. புகையில்லா மருந்து அத்தகைய கரியை விடுவதில்லை. எனவே பாதரசம் நேரே பித்தளையில் ஏறி, அதை நொறுங்கும் தன்மையதாக்கியது. பார்ப்பதற்குப் பளபளவென்றிருக்கும் கூடு மறுமுறை சுடும்போது வெடித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கப் படைக்கலச்சாலை பாதரசத்தைக் கைவிட்டது.

ஆனால் பொட்டாசியம் குளோரேட்டு நீடித்தது. அது எரிந்தபின் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பு குழலில் படிகிறது. சமையல் உப்பைப்போல் அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதால், உடனே நீர் கொண்டு கழுவாவிட்டால் குழல் துருப்பிடித்துவிடும். 1920களின் பிற்பகுதியில் வணிக நிறுவனங்கள் துருவேற்றாத பிரைமர்களுக்கு மாறத் தொடங்கின. அமெரிக்கப் படையோ நீண்டகாலம் சேமித்தாலும் தவறாமல் வெடிக்கும் என்ற உறுதியை விரும்பி, 1950களின் தொடக்கம் வரை பழைய கலவையையே பெரிதும் பயன்படுத்தியது. வீரருக்குத் தினமும் துப்பாக்கியைத் துடைக்கக் கட்டளை உண்டு. கடையில் வாங்குபவருக்கு யாரும் கட்டளையிட முடியாது. இரு தரப்பின் தேர்வும் அவரவர் நோக்கில் சரியானதே.

பிரித்தானிய இந்தியா: கூட்டுக்கு அஞ்சிய அரசு

1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியர்கள் உரிமம் இன்றி ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்தது. ஐரோப்பியர்களுக்கு விலக்கு அளித்தது. அச்சட்டம் துப்பாக்கியோடு நிற்கவில்லை. ஈயம், கந்தகம், வெடியுப்பு ஆகியவற்றையும் படைப் பொருள்கள் என்ற வகையில் கொண்டுவந்து கட்டுப்படுத்த இடமளித்தது. தோட்டாவின் உறுப்புகள் தோட்டாவாகிவிடும் என்பதை அரசு நன்கு உணர்ந்திருந்தது.

இந்த அச்சம் வடமேற்கு எல்லையில் கூர்மையடைந்தது. கோகாட் கணவாயை ஒட்டிய அப்ரிடி கொல்லர்கள் மார்ட்டினி-ஹென்றி ரைபிளையும் பின்னர் லீ-என்ஃபீல்டு ரைபிளையும் கையாலேயே படியெடுத்தனர். களவுபோன படைத் துப்பாக்கிகளும் பாரசீக வளைகுடா வழியாகக் கடத்தப்பட்டவையும் மலைநாட்டை எட்டின. துப்பாக்கியை ஒருமுறை பெற்றால் போதும். தோட்டாவோ தீரத் தீர வேண்டும். எனவே தோட்டாவையும் அதன் உறுப்புகளையும் அடைப்பதே ஆட்சியாளருக்கு எளிய வழியாகத் தோன்றியது.

1898இல் லண்டன் துப்பாக்கி நிறுவனமான ஜான் ரிக்பி, யானை, காட்டெருமை போன்ற பெருவிலங்குகளுக்கான .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாவை வெளியிட்டது. இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் அது பெரும் புகழ்பெற்றது. எல்லையில் பரவியிருந்த மார்ட்டினி-ஹென்றியும் .450 அளவுடையதே. வேட்டைக்காரருக்கென இறக்குமதியாகும் .450 குண்டுகள் கைமாறி, மார்ட்டினியின் பழைய கூடுகளுக்குள் புகுந்துவிடக்கூடும் என்ற அச்சம் எழுந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் இந்தியாவிலும் சூடானிலும் .450 அளவுத் தோட்டாக்கள் தனியாருக்குத் தடை செய்யப்பட்டன. நடப்புப் படைத் தோட்டாவான .303-க்கும் இந்தியாவில் தடை இருந்தது.

ஆங்கிலத் துப்பாக்கி நிறுவனங்கள் தம் பெரிய சந்தையை இழக்க விரும்பவில்லை. படை அளவுகளோடு பொருந்தாத புதிய விட்டங்களை வகுத்தன. ஜோசப் லாங்கின் .470, ஹாலண்டு அண்டு ஹாலண்டு 1907இல் வெளியிட்ட .465 ஆகியன அவ்வாறு வந்தவை. இன்றும் ஆப்பிரிக்காவில் பெருவிலங்கு வேட்டைக்கு .470 தோட்டா விரும்பப்படுகிறது. அது அந்த விட்டத்தில் பிறந்ததற்கு விலங்கியல் காரணம் ஒன்றுமில்லை. மறுநிரப்பல் பற்றிய அரசியல் அச்சமே காரணம்.

எது படைத் தோட்டா என்பதும் எல்லைக்கு எல்லை மாறியது. 1907இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை வீழ்த்தியதற்காக ஜிம் கார்பெட்டுக்குப் பரிசளிக்கப்பட்ட ரைபிள் .275 ரிக்பி. அந்தத் தோட்டா உண்மையில் ஜெர்மானிய மௌசர் நிறுவனத்தின் 7×57 மி.மீ. படைத் தோட்டாவே. ஸ்பெயின் படை அதைப் பயன்படுத்தியது. 1899 முதல் 1902 வரை நடந்த போரில் போயர்கள் அதைக் கொண்டே பிரித்தானியரைச் சுட்டனர். ஆங்கிலப் பெயரும் அங்குல அளவும் பூண்டு இந்தியாவுக்கு வந்தபோது அது வேட்டைத் தோட்டா. இந்தியாவின் நடப்புப் படைத் துப்பாக்கியில் அது நுழையாது என்பதே அதற்கு வாய்த்த நற்சான்று.

இந்திய உரிமதாரர்களிடம் பரவிய .315 ரைபிளின் கதையும் இதுவே. அதன் மூலம் ஆஸ்திரியப் படையின் 8×50 மி.மீ. மான்லிக்கர் தோட்டா. .303 மறுக்கப்பட்ட குடிமக்களுக்காக அது தேர்ந்தெடுக்கப்பட்டது. விடுதலைக்குப் பின்னும் இச்சாபூர் ரைபிள் தொழிற்சாலை அதைத் தொடர்ந்து தயாரித்தது. வடஇந்தியாவில் கள்ளத்தனமாகச் செய்யப்படும் கைத்துப்பாக்கிகள் பல இன்று .315 தோட்டாவுக்கே ஏற்பச் செய்யப்படுகின்றன. பாதுகாப்பானது என்று பிரித்துவைத்த அளவே சட்டத்திற்குப் புறம்பான துப்பாக்கிக்கும் வழியமைத்தது.

போருக்குப் பின்: ஒரே தோற்றம், இரு பெயர்கள்

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்காவில் மலைமலையாய்ப் படை மருந்தும் கூடுகளும் மிஞ்சின. கேன்சசைச் சேர்ந்த புரூஸ் ஹாட்ஜ்டன் அரசின் உபரி மருந்தை வாங்கி மறுநிரப்புவோருக்குச் சில்லறையில் விற்கத் தொடங்கினார். ஒரு தலைமுறையே படைப் பித்தளையில் மறுநிரப்பல் பழகியது. இரு தோட்டாக்களையும் ஒன்றென எண்ணிவிடும் ஆபத்தும் அப்போதுதான் பரவலானது.

1952இல் வின்செஸ்டர் நிறுவனம் .308 தோட்டாவைக் கடைக்குக் கொண்டுவந்தது. அதன் இணையான 7.62×51 மி.மீ. தோட்டாவை நேட்டோ நாடுகள் 1954இல் ஏற்றன. வெளி அளவுகள் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் படைக் கூட்டின் சுவர் பொதுவாகத் தடித்தது. ஆகவே உள்ளிடம் குறைவு. வணிகக் கூட்டுக்கு ஏற்ற அதே மருந்தளவை அதில் இட்டால், குறுகிய இடத்தில் அழுத்தம் கூடிவிடும். எண்களும் குழப்பத்தை வளர்த்தன. படை ஏடுகள் 7.62 தோட்டாவின் அழுத்தத்தை 50,000 என்று குறித்தன, வணிக அமைப்பு.308-க்கு 62,000 என்றது. முன்னது செப்பு உருளை நசுங்கும் அளவைக் கொண்டு கணித்த பழைய முறை, பின்னது மின்னுணரி முறை. வெவ்வேறு அளவுகோல்களின் எண்களை ஒப்பிட்டு, இரண்டுக்கும் பெரும் இடைவெளி இருப்பதாகப் பலர் நம்பினர்.

.223 ரெமிங்டன், 5.56×45 மி.மீ. நேட்டோ ஆகிய இணையில் நிலைமை வேறு. இங்கே கூட்டின் தடிமன் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுகிறதே தவிர, படைக்கூடு எப்போதும் தடித்தது என்று சொல்வதற்கில்லை. வேறுபாடு துப்பாக்கியில் இருக்கிறது. படை ரைபிளில் குண்டு குழலின் வரிகளைத் தொடுமுன் கடக்கும் தொலைவு அதிகம். வணிக ரைபிளில் அத்தொலைவு குறைவாதலால், அதில் படைத் தோட்டாவைச் சுட்டால் அழுத்தம் வரம்பு மீறக்கூடும். ஒரு தோட்டா இணையில் கற்ற பாடம் இன்னொன்றுக்கு அப்படியே பொருந்துவதில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

சட்டமும் கூடும்

இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 1878ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. தோட்டாவின் உறுப்புகளையும், தோட்டா செய்யும் இயந்திரங்களையும் அது தோட்டா என்ற வரையறைக்குள்ளேயே வைக்கிறது. தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும். ஆகவே அமெரிக்காவில் சமையலறை மேசைமீது நடக்கும் மறுநிரப்பல், உரிமமின்றிச் செய்தால் இந்தியாவில் குற்றம். பல நாட்டுப் படைகளில் சுடுபயிற்சி முடிந்ததும் வீரர்கள் குனிந்து வெற்றுக் கூடுகளைப் பொறுக்கி, எண்ணிக்கை சரிபார்த்து ஒப்படைக்கும் வழக்கமும் இதே எண்ணத்தின் தொடர்ச்சிதான்.

குண்டு எங்கோ போய்ப் பதிந்துவிடுகிறது, மருந்து எரிந்துவிடுகிறது. கீழே விழுந்த பித்தளைத் துண்டோ இன்னொரு முறை வெடிக்கும் ஆற்றலோடு கிடக்கிறது. ஒருவருக்கு அது சிக்கனம், இன்னொருவருக்கு விபத்து, ஓர் அரசுக்கு அது எழுச்சியின் விதை. படைத் தோட்டாவுக்கும் வணிகத் தோட்டாவுக்கும் இடையே வரையப்பட்ட கோடுகள் அந்தக் கூடு யார் கையில் சேர வேண்டும் என்ற கேள்வியாலும் வரையப்பட்டவை.